பால் வாங்க நடக்கும் தூரம்

ஔ என்ற எழுத்தை ஒன்றாம் வகுப்பில் ஔவையாருக்காகப் படித்ததோடு சரி. அப்புறம் நாற்பது வருஷம் அதற்கு வேலையே வரவில்லை. புனேக்கு மாற்றலாகி, ஔந்த்தில் வீடு தேட ஆரம்பித்த பிறகுதான் அந்த எழுத்தைத் தினமும் எழுதுகிறேன். வரலாறு படித்த நண்பர் ஒருவர், 1939இல் தன் குடிமக்களுக்கு அரசியல் சட்டம் கொடுத்து அதிகாரத்தை ஒப்படைத்தாரே ஒரு ராஜா, அந்த ஔந்த்தா என்று கேட்டார். அது சாத்தாரா பக்கம் இருக்கும் ஔந்த். இது புனேயின் வடமேற்கில், முளா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. இங்கே அதிகாரம் வீட்டு உரிமையாளரிடம்தான்.

எனக்கு வேலை சிவாஜிநகர் பக்கம். வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் இந்த ஊர் ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஓட்டும் துணிச்சல் இல்லை. எங்களோடு இருக்க வரப்போகும் அம்மாவுக்கு முழங்கால் வலி. பின் சீட்டில் ஏறி உட்கார முடியாது, ஆனால் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பாள். திருநெல்வேலி டவுனில் ரதவீதிகளைச் சுற்றியே எழுபது வருஷம் வாழ்ந்தவள். எத்தனை அறை, எத்தனையாவது மாடி என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. போனில் கேட்டது ஒன்றுதான்: "ஏல, பால் வாங்க நடந்து போயிரலாமா?"

ஆக, நடக்க முடிய வேண்டும், பஸ் வேண்டும், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை அடங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனபாவில் பஸ் ஏறினேன். மனபா என்றால் மகாநகர் பாலிகா. மாநகராட்சிக் கட்டடத்தை ஒட்டிய பஸ் நிலையத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. நாள் பாஸ் 70 ரூபாய், 2025 ஜூனில் ஏற்றிய விலை. ஔந்த் வழியாகப் போகும் சாலை முடிகிற முகாய் சௌக் வரை இறங்கி ஏறிப் பார்த்துவிடுவது என்று திட்டம்.

முதலில் கணேஷ்கிண்ட் சாலை. சிம்லா ஆபீஸ் என்று ஒரு நிறுத்தம் வரும். வானிலைத் துறை 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது, பெயரையும் மூட்டைகட்டிக் கொண்டுவந்துவிட்டது. இதே சாலையில்தான் 1897 ஜூன் 22 இரவு, பிளேக் அதிகாரி ராண்டைச் சாப்பேகர் சகோதரர்கள் சுட்டார்கள். கவர்னர் மாளிகையில் விக்டோரியா ராணியின் வைரவிழா முடிந்து அவர் திரும்பிக்கொண்டிருந்தார். நோயாளியைத் தேடுகிறோம் என்று சிப்பாய்களை வீடு வீடாக நுழைய விட்டவர் ராண்ட். அந்த மாளிகைதான் பின்னால் பல்கலைக்கழகம் ஆனது. அதன் வாசலில் இருந்த மேம்பாலத்தைக் கட்டிப் பதினைந்து வருஷம்கூட ஆகாத நிலையில் 2020 ஜூலையில் இடித்தார்கள், மெட்ரோவுக்கு இடைஞ்சல் என்று.

மெட்ரோ என்றால் மூன்றாவது தடம். ஹிஞ்ஜவடியின் ஐ.டி. பூங்காவிலிருந்து சிவில் கோர்ட் வரை 23.3 கிலோமீட்டர், 23 நிலையங்கள். 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அது ஔந்த்துக்குள் நுழைவதில்லை, பாணேர் சாலையோடு ஒதுங்கிப் போய்விடுகிறது. ஔந்த்துக்குக் கிட்டத்தில் இருக்கும் நிலையம் சகாள் நகர். ஆனால் வீட்டுத் தரகர்களுக்கு இந்த ஒதுக்கம் கண்ணில் படுவதே இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து முளா ஆற்றுப் பாலம் வரை எந்த வீட்டைக் காட்டினாலும் "மெட்ரோ பக்கம் சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வாங்குகிறவர்களும் தப்பவில்லை. 2022 ஏப்ரல் முதல் புனேயில் வீட்டுப் பத்திரம் பதியும்போது முத்திரைத் தீர்வையோடு ஒரு சதவீதம் மெட்ரோ வரி கட்ட வேண்டும். ரயிலில் ஏறுகிறவர் கட்டும் கட்டணம் வேறு, இது வீடு வாங்குகிற எல்லோரும் கட்டுவது. நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் நிலத்தைப் போல நான்கு மடங்கு பரப்பு வரை கட்டிக்கொள்ளலாம் என்றும் விதி இருக்கிறது. உயரமாகக் கட்டினால் நிறையப் பேர் ரயிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கலாம் என்பது கணக்கு. அந்தக் கூடுதல் பரப்புக்குக் கட்டுநர் அரசுக்குக் கட்டணம் கட்டுகிறார், அதை வீட்டு விலையில் சேர்த்துவிடுகிறார்.

பிரேமன் சௌக்கில் இறங்கினேன். ஜெர்மனியின் பிரேமன் நகரத்தோடு புனேக்கு இருக்கும் உறவின் ஞாபகமாக வைத்த பெயர். இங்கிருந்து பரிஹார் சௌக் வரை நடந்தேன். இந்தியாவில் பல ஊர்களில் குடியிருந்திருக்கிறேன். தலை குனியாமல், குழி பார்க்காமல், பேசிக்கொண்டே நடக்க முடிந்த நடைபாதைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்கு புனே தேர்ந்தெடுத்த பகுதி ஔந்த்–பாணேர்–பாலேவாடி. அதன் முன்மாதிரியாக இந்தச் சாலையின் நடைபாதையை அகலமாக்கினார்கள். மரங்களை வெட்டவில்லை, மரத்தைச் சுற்றிப் பெஞ்சு போட்டார்கள். கார் நிறுத்த இடம் குறைந்துவிட்டது, வியாபாரம் படுக்கும் என்று கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். நான் போன நேரத்தில் ஒரு பெஞ்சில் இரண்டு தாத்தாக்கள் 'சகாள்' பத்திரிகையைப் பாதி பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சாமந்திப் பூ விற்கும் அம்மாள் ஒருவர் நடைபாதைக் கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார், வீட்டு வாசல் மாதிரி. பால் கடை, மருந்துக் கடை, பிள்ளையார் கோவில் எல்லாம் நூறு இருநூறு அடிக்குள். அம்மாவுக்கென்றே அளந்து போட்ட தெரு என்று நினைத்துக்கொண்டேன்.

தரகர் ஸ்கூட்டரில் வந்தார். நடைபாதைமேல் ஏற்றித்தான் நிறுத்தினார்.

இரண்டு படுக்கையறை, முப்பத்தைந்தாயிரம். பராமரிப்பு தனி. மூன்று மாத டெபாசிட், தரகு ஒரு மாதம். ஒப்பந்தம் பதினொரு மாதம், பதிவுச் செலவு என்னுடையது. பதிவு செய்யாவிட்டால் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்று மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 1999இலேயே சொல்லிவிட்டதால் இங்கே எல்லோரும் ஒழுங்காகப் பதிகிறார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய எனக்கு டெபாசிட் உறைக்கவில்லை. வாடகைதான் உறைத்தது. "வெஜ்தானே சார்?" என்றார் அடுத்து. இல்லை என்றதும் ஐந்து வீடுகள் இரண்டாகச் சுருங்கின.

விலை குறைவாக வேண்டும் என்றதும் "ஔந்த் அனெக்ஸ்" என்று ஒன்றைச் சொன்னார். விசாரித்தால் அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். "ஔந்த் ரோடு" என்பது இன்னொரு பக்கம், போபோடி, கட்கியை ஒட்டி. இந்த ஊரின் பெயர் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. வாடகை மட்டும் பெயரோடு சேர்ந்து இழுபடுவதில்லை.

ஔந்த்துக்குள்ளேயே மலிவான வீடு இல்லையா என்றால், இருக்கிறது. இந்திரா வசாஹத், கஸ்தூர்பா வசாஹத் என்ற குடிசைப் பகுதிகள். பத்துக்குப் பத்து அறைகள், சந்து சந்தாக. பஸ் நிறுத்தம் பக்கம், கடை பக்கம், வேலை பக்கம். நகரத் திட்டப் புத்தகங்கள் விவரிக்கும் எல்லா வசதியும் அந்தச் சந்துகளில் இருக்கிறது, வீட்டைத் தவிர.

பரிஹார் சௌக்கிலிருந்து ராஜீவ் காந்தி பாலத்துக்கு நடந்தேன். முளாவின் இந்தக் கரை புனே மாநகராட்சி, அந்தக் கரை பிம்ப்ரி சிஞ்ச்வட். இரண்டு மாநகராட்சிகளின் பஸ் கம்பெனிகளையும் 2007இல் ஒன்றாக்கிவிட்டார்கள், ஆனால் ஊர்கள் தனித்தனிதான். எதிரே பாலத்தில் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். நைலான் புடவை, கையில் டப்பா போட்ட துணிப்பை, பிளாஸ்டிக் செருப்பு. சாங்வியிலிருந்தும் பிம்ப்ளே குரவிலிருந்தும் ஔந்த் அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்க, சமைக்க வருகிற மாவ்ஷிகள். நிற்காமல் கூடவே நடந்துகொண்டு ஒருவரிடம் பஸ்ஸில் வரலாமே என்றேன். "ஒரு ஆற்றைத் தாண்ட பத்து ரூபாயா, தாதா?" என்றார். பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் அதுதான். போக வர இருபது, மாசத்துக்கு ஐந்நூறைத் தாண்டும். அது ஒரு வீட்டுப் பாத்திரக் கூலியில் பாதி.

எனக்கு உறுத்தியது இதுதான். ஔந்த்தில் எல்லோரையும்விட அதிகம் நடக்கிறவர் இவர். அகலமான நடைபாதை, மரத்தடிப் பெஞ்சு எல்லாம் பொதுப் பணத்தில் போட்டவை. அதன் பலன் வாடகையாக மாறி, நடந்தாக வேண்டியவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஆசைக்கு நடப்பவர்களை உள்ளே வைத்துக்கொண்டது. பெஞ்சு போட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன். இன்னும் இருபது சாலைகளில் போட்டிருந்தால் ஒரு சாலையின் பெஞ்சுக்கு இத்தனை விலை ஏறியிருக்காது.

பாலம் தாண்டியும் பெயர் விடவில்லை. ஔந்த் அரசு மருத்துவமனை இருப்பது இந்தக் கரையில்தான். சாங்வி பாட்டாவில் தனித்தட பஸ் பாதை தொடங்குகிறது. பாட்டா என்றால் பிரிசாலை. 2006இல் காத்ரஜ் சாலையில் இந்தியாவின் முதல் தனித்தட பஸ்ஸை ஓட்டிய ஊர் இது. இந்த ஔந்த்–ராவேத் பாதை 2015 செப்டம்பரில் வந்தது. நிலையம் சாலை நடுவில் மேடையாக இருக்கும். பஸ்ஸின் வலப்பக்கக் கதவு மேடைக்குச் சமமாக வந்து நிற்கும், அம்மா முழங்காலை மடக்காமலே ஏறிவிடலாம். இத்தனை பார்த்துச் செய்தவர்கள் மேடைக்கு வர ஒருவர் சாலையைக் கடக்க வேண்டும் என்பதை அவ்வளவாக யோசிக்கவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் எனக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே கார்களுக்கு நடுவே புகுந்து போனான். நான் அவன் நிழலில் போனேன்.

அதற்கப்புறம் ராணுவ மதில், ரக்ஷக் சௌக், ஜக்தாப் டெய்ரி, காளேவாடி பாட்டா, டாங்கே சௌக். நிறுத்தத்துக்கு நிறுத்தம் வாடகை இறங்கியது. ஜக்தாப் டெய்ரியில் இருபத்தைந்து, டாங்கே சௌக்கில் பதினெட்டு. பஸ் எல்லா இடத்திலும் அதே பஸ்தான். நடைதான் மாறியது. இங்கெல்லாம் நடைபாதை இல்லாமல் இல்லை. நடந்து போய்ச் சேர ஒரு இடம்தான் இல்லை. மதில் கட்டிய சொசைட்டி, அடுத்த மதில், அடுத்த சொசைட்டி. ஒரு பால் பாக்கெட்டுக்குக் கேட்டைத் தாண்டி, சர்வீஸ் சாலையைத் தாண்டிப் போக வேண்டும். "ஆப்பில் ஆர்டர் பண்ணுங்க சார், பத்து நிமிஷம்" என்றார் ஒரு காவலாளி. அம்மா பால் வாங்கப் போவது பாலுக்காக மட்டும் என்று அவர் நினைத்துவிட்டார்.

தாத்தாவடே, புனாவளே பக்கம் விளம்பரப் பலகைகள் நெருக்கமாகின்றன. 4000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர், அடிப்படைப் பரப்பில் இருபது சதவீதத்தைச் சிறு வீடுகளாகக் கட்டி, மாடா என்ற அரசு வீட்டு வாரியத்தின் குலுக்கல் மூலம் கொடுக்க வேண்டும் என்பது மகாராஷ்டிர விதி. நல்ல விதி. ஆனால் பெரிய மனை எங்கே காலியாக இருக்கிறதோ அங்கேதான் அந்தச் சிறு வீடும் முளைக்கும். ஔந்த்தில் பெரிய காலி மனை ஏது? அதனால் குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்தாலும் ஊர் ஓரத்தில்தான் அடிக்கும்.

ராவேத்தில் பவனா ஆற்றின்மேல் கூடைக் கைப்பிடி போல வளைந்த பாலம். தாண்டினால் முகாய் சௌக். அதற்கு அப்பால் மும்பை விரைவுச்சாலை, அதில் நடக்கவே கூடாது. பஸ் திரும்பி நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தார், நானும் குடித்தேன். இங்கே ஒரு வீடு பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கும். அங்கிருந்து மனபாவுக்குத் தினமும் போய்வரும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

சாங்வி பாட்டாவில் இறங்கி, சாலையை விட்டுவிட்டுப் பழைய சாங்விக்குள் நடந்தேன். முளாவும் பவனாவும் சேருகிற மூலையில் இருக்கும் பழைய கிராமம். இரண்டு பேர் குடை பிடித்து எதிரெதிரே வர முடியாத தெரு. மாவு மில், தையல் கடை, பால் டெய்ரி. ஸ்பைசர் கல்லூரிப் பக்கம் ஆற்றைத் தாண்டினால் ஔந்த். பவனாவைத் தாண்டினால் தாப்போடி மெட்ரோ, 2023 ஆகஸ்டில் திறந்தது, சிவாஜிநகருக்கு நேர் ரயில். மூன்று மாடி வீடு ஒன்றில் முதல் மாடி காலி. இரண்டு அறை, பதினாறாயிரம். தரகர் இல்லை. உரிமையாளர் காகா லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே டெய்ரி. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு எட்டு.

இவ்வளவு மலிவா என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். காகா எழுந்து மாடிப்படிச் சுவரைக் காட்டினார். ஐந்தாவது படிக்கு நேராக நீலப் பெயின்டில் ஒரு கோடு. 2019 ஆகஸ்ட். முல்ஷியிலும் பவனாவிலும் அணையைத் திறந்துவிட்டபோது ஆறு இங்கேதான் வந்து நின்றதாம். முதல் மாடிக்கு வராது, கீழே செருப்பை மட்டும் விட்டுவைக்காதீர்கள் என்றார். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். பால் கடை எதிரே என்றதும் சந்தோஷப்பட்டாள்.

"தண்ணி ஒழுங்கா வருமால?"

நீலக் கோட்டைப் பார்த்தேன்.

"வரும்மா," என்றேன்.