பெட்டியை விடாத அப்பா

பெரிய ஓட்டலுக்குள்ள நீங்க போயிருக்கீங்களா? இன்டர்வியூவுக்கு, மாமா பையன் ரிசப்ஷனுக்கு என்று போனதெல்லாம் கணக்கில் வராது. பெட்டியோட போய், அங்கேயே தங்கினது உண்டா? எனக்கு 2023 டிசம்பர் வரைக்கும் கிடையாது. முதல் தடவையே மொராக்கோவில்தான்.

தோஹாவில் வேலை பார்க்கும் அக்காவுக்கு லீவு கிடைத்தது. எங்கள் மூன்று பேரையும் அங்கே வரவழைத்து, அப்படியே மராகேஷுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "ஏன்டி மொராக்கோ?" என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாரும் துபாய்தானேம்மா போறாங்க" என்றாள். விசா, ஃப்ளைட் கதையெல்லாம் விடுங்க. நேரா ஓட்டல் வாசலுக்கு வந்துடுவோம்.

ஆனா வாசல் வரைக்கும் கார் போகாது! மராகேஷின் பழைய நகரத்துக்கு மதீனா என்று பெயர். சுற்றிலும் செம்மண் நிற மதில், உள்ளே முழுக்க சந்துகள். ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டிக்கணும். அந்த இடுக்கிலும் மொபெட் வரும். அந்த செப்டம்பரில்தான் பெரிய நிலநடுக்கம் வந்திருந்தது. சில சுவர்களுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

டிரைவர் எங்களை மதில் வாசலில் இறக்கிவிட்டார். ஓட்டலிலிருந்து ஒரு பெரியவர் தள்ளுவண்டியோடு காத்திருந்தார். தொப்பி வைத்துத் தைத்த நீள அங்கி, அப்பா வயசுதான் இருக்கும். நெஞ்சில் கை வைத்து "மர்ஹபா" என்றவர், பெட்டிகளை எடுத்து வண்டியில் வைக்க ஆரம்பித்தார். அப்பா தன் பெட்டியை விடவே இல்லை. அவர் இழுக்க, இவர் இழுக்க, ரெண்டு பேரும் சிரிக்க. எனக்கு அவமானமா இருந்துச்சு.

"அப்பா, விடுங்கப்பா. அது அவர் வேலை" என்றாள் அக்கா.

"ஏறிடுச்சுன்னா ஏத்தம் தள்ள முடியாதும்மா. நாலு பெட்டி இருக்கு" என்றார் அப்பா. பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, பின்னாடியிலிருந்து அவரும் தள்ள ஆரம்பித்தார்.

இங்கே உங்களிடம் ஒன்று சொல்லணும். எங்கப்பா ஓட்டல் மேனேஜராக இருந்தார் என்று ஹாஸ்டலில் உங்களில் பல பேரிடம் சொல்லியிருக்கேன். பொய். திருச்சியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் 11 வருஷம் ரூம் பாய். மணி அடித்தால் ஓடணும், பெட்டி தூக்கணும், கீழே கடையிலிருந்து கம்பிக்கூட்டில் ஆறு கிளாஸ் டீ வாங்கிட்டு மூணு மாடி ஏறணும். ஃபர்ஸ்ட் இயர் அறிமுகத்தில் சீனியர் கேட்டப்போ வாயில் வந்த பொய், அப்படியே நிலைச்சுடுச்சு.

சந்துக்கோடியில் வண்டி நின்றது. ஜன்னல்கூட இல்லாத மொட்டைச் சுவர், குனிந்து நுழையும்படி ஒரு மரக்கதவு. அக்காவை யாரோ ஏமாத்திட்டாங்கன்னே நினைச்சேன். உள்ளே போனால் முற்றம். நடுவில் ஆரஞ்சு மரம், சின்னக் குளம், சுற்றி மாடி அறைகள். இந்த மாதிரி வீட்டுக்கு ரியாத் என்று பெயர். "ரியாத் சவுதியிலல்ல இருக்கு?" என்றார் அம்மா. சொல் ஒன்றுதான், தோட்டங்கள் என்று அர்த்தம். தெருப்பக்கம் மூடிவிட்டு, வெளிச்சம் காற்று எல்லாம் முற்றத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் வீடு. சிவில் மக்களே, அந்தச் சுவரை நீங்க தொட்டுப் பார்க்கணும். தடலாக்ட் என்று ஒரு சுண்ணாம்புப் பூச்சு. கூழாங்கல்லால் தேய்த்து, கறுப்பு சோப்பு போட்டு மெருகேற்றுவார்கள், தண்ணி இறங்காது. நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுவர்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சோபாவில் உட்காரவைத்து டீ கொண்டுவந்தார்கள். புதினா போட்ட கிரீன் டீ, நிறைய சர்க்கரை. நம்ம மாஸ்டர் ஆத்துற மாதிரி உயரத்திலிருந்து ஒரே ஊத்து, சின்னக் கண்ணாடி கிளாஸில் நுரை கட்டி நின்றது. ஊற்றிய பையனுக்கு என் வயசு. அவன் கிட்டே வந்ததும் அப்பா எழுந்து நின்றார். அவன் பதறிப்போய் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தார். நாலாவது கிளாஸுக்கு அவன் திரும்பி வந்தபோது மறுபடியும் எழுந்தார். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிப்ஸைக் கடைசி நாள் பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றாள் அக்கா. "பில்லுல போட்டா அவங்க கைக்குப் போகும்னு என்ன நிச்சயம்?" என்று அப்பா கேட்டார். லாட்ஜ் அனுபவம். 50 திர்ஹாம் நோட்டை வாங்கி, வெளியே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த பெரியவரிடம் அவரே போய்க் கொடுத்தார். ஒரு திர்ஹாம் அப்போ எட்டு ரூபாய்க்கு மேல். அப்பா மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருப்பார், ஆனா முகத்தில் தெரியல. ரெண்டு பேரும் என்ன மொழியில் பேசினார்களோ, அஞ்சு நிமிஷம் கழித்துத்தான் உள்ளே வந்தார். "அவருக்கும் முழங்கால் வலியாம்" என்றார்.

மறுநாள் காலையில் டிபனுக்கு மொட்டைமாடிக்குப் போய்விட்டோம். தூரத்தில் குதுபியா பள்ளிவாசல் கோபுரம் தெரிந்தது. அறையைச் சுத்தம் செய்யும் அக்கா படியேறி வந்து, பாதி பிரெஞ்சு பாதி சைகையில் என்னிடம் ஏதோ கேட்டார். ராத்திரி ஓட்டலில் படுக்கவே இல்லையா, அறையில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்கிறார் எனப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. அப்பா ரெண்டு கட்டிலுக்கும் பெட்ஷீட்டை ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகி, தலையணைகளை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்திருந்தார்.

"எங்கப்பா" என்று அவரைக் காட்டினேன். அதற்கு மேல் எனக்கு பிரெஞ்சு வரவில்லை. பெட்டி தூக்குவது போலவும், விரிப்பை உதறுவது போலவும் நடித்துக் காட்டினேன்.