அம்மம்மாவின் பால்சட்டி

ஜெலற்றின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் அம்மம்மாவின் பால்சட்டியை அடுப்பில் வைத்தோம்.

நாங்கள் மூன்று பேர். எங்களில் ஒருத்தியின் வீடு கொக்குவிலில். மரக்கறி மட்டும் சமைக்கிற வீடு. எச்சிங் செய்ய பிரஸ் வேணும், எங்களிடம் அது இல்லை. ஜெலற்றின் பிளேற்றுக்கு உள்ளங்கை காணும். களி மாதிரி உறைந்த அந்தத் தட்டில் பெயின்ற்றை மெல்லிசாக உருட்டி, இலையை வைத்து, மேலே தாளை வைத்துத் தடவி எடுத்தால் இலையின் உருவம் வெறுமையாக விழும். பிறகு இலையை மெல்லக் கழற்றிவிட்டு, தட்டில் மிஞ்சிய பெயின்ற்றில் இன்னொரு தாளை வைக்க வேணும். அதில்தான் நரம்பெல்லாம் வரும். முதல் தாளைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று போகிறவர்கள் இரண்டாவதைப் பார்ப்பதில்லை.

கடையில் ஜெலற்றின் வாங்கப் போனபோது எங்களில் காத்தான்குடிக்காரி பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பன்றியில் இருந்து எடுத்ததாக இருந்தால் கையால் தொட மாட்டேன் என்றாள். ஹலால் என்று போட்ட, மாட்டு ஜெலற்றின் கிடைத்தது. அவளுடைய பிரச்சினை தீர்ந்த இடத்தில் கொக்குவில்காரியின் பிரச்சினை தொடங்கியது. வெளியில் வந்து கொஞ்ச நேரம் சிரித்தோம். சிரித்து முடிய ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கப்புக்கு மூன்று மேசைக்கரண்டி ஜெலற்றின், பாதி தண்ணீர், பாதி கிளிசரின். கிளிசரின் போட்டால் தட்டு சீக்கிரம் காயாது, பழுதாகாது. கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் பிடிப்புக் குறைந்துவிடும். கலக்கும்போது ஒரு மொச்சை மணம் வந்தது. அம்மம்மா குசினி வாசலில் வந்து நின்றா.

"என்ன பிள்ளையள் காய்ச்சிறியள்? இது என்னத்திலை செய்யிறது?"

"கடற்பாசி அம்மம்மா" என்று சொல்லிவிட்டோம். யார் சொன்னது என்று இப்போது கேட்டால் ஆளுக்காள் பார்ப்போம். மூன்று பேரும்தான் சொன்னோம்.

தட்டு நன்றாகத்தான் வந்தது. றோலருக்குக் காசில்லாமல் பிவிசி பைப் துண்டொன்றில் பழைய சைக்கிள் ரியூப்பை இழுத்து மாட்டினோம், அது மோசமில்லை. பூவரசு, வேம்பு, அம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டியின் ஓலைப் பின்னல் எல்லாம் பிடித்தது. அக்ரிலிக்தான் சித்திரை வெயிலில் உருட்டி முடிக்கவே காய்ந்தது; அதிலும் இரண்டு சொட்டுக் கிளிசரின் விட்டோம். மத்தியானம் தட்டே இளகி ஓரம் வழியத் தொடங்கியதால் விடிய ஆறு மணிக்கு எழும்பி வேலை செய்தோம். எறும்பு வராமல் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடுவில் வைத்தோம், சீனிப் போத்தலை வைக்கிற மாதிரி.

பப்பாசி இலைதான் எங்களைக் கவிழ்த்தது. ஆய்ந்த உடனே பால் வடிய வடிய வைத்துவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் காம்பு பட்ட இடமெல்லாம் குழி குழியாகக் கரைந்து கிடந்தது. இறைச்சி அவிய பப்பாசிக்காய் போடுகிறார்களே, அதே வேலைதான். அந்தப் பாலில் உள்ள பப்பெயின் புரதத்தை உடைக்கும். ஜெலற்றின் புரதம். நாங்கள் 'கடற்பாசி' என்று சொல்லி வைத்திருந்த சாமானை ஒரு இலை இறைச்சி என்று காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மம்மா அதே சட்டியில் பால் காய்ச்சி, சாமிக்கு வைத்துவிட்டு எங்களுக்கும் தந்தா. குடித்தோம்.

அடுத்த நாளே உண்மையான கடற்பாசி வாங்கினோம். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தோம், வேறு நோக்கம் இல்லை. இதில் காத்தான்குடிக்காரிதான் தலைவி. நோன்பு காலத்தில் வீட்டில் கடப்பாசி காய்ச்சிப் பழகிய கை. ஜெலற்றினுக்கு நேர் எதிர் இது, கொதிக்க வைத்தால்தான் கரையும். உறைந்த பிறகு எங்கள் வெயில் அதை ஒன்றும் செய்யாது. பப்பாசிப் பாலும் செய்யாது, ஏனென்றால் அது புரதமில்லை. ஆனால் வளையாது. முதல் தட்டு, தாளை இழுக்கவே இரண்டாக வெடித்தது. இரண்டாவது தண்ணீர் விட்டு, பெயின்ற் திட்டுத் திட்டாக ஓடியது. மூன்றாவதுக்கு கிளிசரினும் சீனியும் கூட்டி, இரண்டு விரல் தடிப்பில் ஊற்றினோம். அது ஏழு பிறிண்ட் வரை தாங்கியது. பிறகு குறுக்கே ஒரு கீறல்.

அந்தத் தட்டை அம்மம்மாவிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினோம். தொட்டுப் பார்த்தா. "முதல் செய்தது இப்பிடி இல்லையே, அது றப்பர் மாதிரி இருந்தது" என்றா. தொட்டுப் பார்த்திருக்கிறா என்பது அப்போதுதான் தெரியும்.

சொன்னோம். பேத்திதான் சொன்னாள், நாங்கள் பக்கத்தில் நின்றோம். அம்மம்மா ஏசவில்லை. "நானும் அதிலை பால் காய்ச்சினனே" என்று மட்டும் சொன்னா. பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்தா. இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. புதுச் சட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வாங்கினா, ஆனால் அதில் இன்னும் பால் காய்ச்சவில்லை. பால் இப்போது தேத்தண்ணிக் கேத்தலில்தான் காய்கிறது.

ஒப்படைக்கு கடற்பாசித் தட்டின் கடைசிப் பிறிண்ட்டைக் கொடுத்தோம். பூவரசம் இலைக்குக் குறுக்கே வெடிப்பு விழுந்த இடம் ஒரு கோடாக வந்திருக்கிறது. ஜெலற்றினில் வந்தவைதான் துல்லியம், அதில் சந்தேகமே இல்லை. அவை பேத்தியின் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன.

கிணற்றடிச் சட்டியை இப்போது நாங்கள் பாவிக்கிறோம். போன கிழமை அம்மம்மா தண்ணி அள்ள வந்தவ, கொஞ்சம் தள்ளி நின்று கேட்டா: "இண்டைக்கு எது?"

"கடற்பாசி."

குனிந்து மணந்து பார்த்துவிட்டுத்தான் போனா.