ஸ்பெயின் தேசத்துச் சிறு தட்டுகள்

மரக்கறி உணவையே உண்டு வாழ்பவர்கள் பிறதேசம் செல்லும்போது படும் பாட்டைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியிருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பட்டினி கிடந்த கதையையே சொல்லுவர். நாம் சொல்லப் போவது பட்டினிக் கதையன்று. வயிறு நிறைந்த ஓர் இரவிலே மனம் சற்றுக் கலங்கிப் பின்னர் தெளிந்த கதை.

எமது மகன் இலண்டன் மாநகரிலே தொழில் பார்க்கிறான். அங்கு சென்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் அவன் தாயார் தொலைபேசியில் அவனை அழைத்து, முதற் கேள்வியாக, "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று கேட்பாள். "சோறும் பருப்பும், அம்மா" என்பான் அவன். அதைக் கேட்ட பின்னர்தான் அவளுக்கு மற்ற நலன்களை விசாரிக்க மனம் வரும். இலண்டனுக்குச் செல்லும் தெரிந்தவர் எவரேனும் அகப்பட்டால் சரக்குத்தூளும் மோர்மிளகாயும் அவரிடம் சேர்ந்துவிடும்.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் அவன் எம் இருவரையும் தன்னிடம் அழைத்து, ஐந்து நாள் விடுமுறை பெற்றுக்கொண்டு, ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியிலுள்ள செவில்லா நகருக்குக் கூட்டிச் சென்றான். அந்நகரின் வீதியோரங்களில் வரிசை வரிசையாகக் கசப்புத் தோடை மரங்கள் நிற்கின்றன. அவை பூக்கும் காலம் அது. ஊர் முழுவதும் அந்த மணம். தோடையை அவர்கள் 'நாரன்ஹா' என்கிறார்கள். எமது நாரத்தங்காயோடு உறவுடைய சொல் அது. பாரசீகர், அராபியர் நாவழியே மேற்கு நோக்கிச் சென்று சேர்ந்தது. இனி, 'பான்' என்றால் அவர்களுக்குப் பாண். 'மேசா' என்றால் மேசை. 'பாங்கோ' என்றால் வாங்கு. 'கொசீனா' என்றால் குசினி. போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிய மொழியும் உடன்பிறந்தவை அல்லவா? போர்த்துக்கேயர் எம்மிடம் விட்டுச் சென்ற சொற்களின் சுற்றத்தாரை அங்கே சந்தித்தபோது அந்நிய நாடென்ற எண்ணமே எமக்குப் பாதி நீங்கிவிட்டது.

குவாதல்கிவீர் என்னும் ஆற்றுக்கு அப்பால் திரியானா என்றொரு பகுதி இருக்கிறது. ஓடும் மட்பாண்டமும் செய்வதற்குப் பேர் போன இடம். மூன்றாம் நாட் காலையில் அங்கு சென்று சந்தையைச் சுற்றிப் பார்த்தோம். அச்சந்தையை ஒட்டி, நிலமட்டத்துக்குக் கீழே, புனித ஜோர்ஜ் கோட்டையின் இடிபாடுகள் காணப்படுகின்றன. 1481ஆம் ஆண்டு முதல் மத விசாரணை மன்றம் நெடுங்காலம் வீற்றிருந்த கோட்டை அது. யூத சமயத்திலிருந்தும் இஸ்லாத்திலிருந்தும் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் உள்ளத்தாலும் மாறினார்களா என்று துருவித் துருவி ஆராய்ந்தது அம்மன்றம். ஒரு வீட்டார் பன்றியிறைச்சி உண்ணாதிருப்பதே அவர்கள்மேற் சந்தேகங் கொள்ளப் போதுமான காரணமாக இருந்ததாம். என்ன உண்ணுகிறான் என்பதைக் கொண்டு ஒருவனைச் சிறையில் இட்ட காலம். அந்தக் கற்சுவர்களைப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது வெயிலும் இனிமையாகத் தோன்றியது.

அன்றிரவு அதே திரியானாவிலே ஒரு சிறு கடைக்கு மகன் எம்மை அழைத்துச் சென்றான். இரவு ஒன்பது மணிக்கு முன்னர் அங்கு எவரும் இராப்போசனத்தை நினைப்பதில்லை. 'தாப்பாஸ்' கடை என்று அவற்றைச் சொல்கிறார்கள். 'தாப்பா' என்பதற்கு மூடி என்று பொருள். முற்காலத்தில் மதுக் கிண்ணத்துள் ஈயும் தூசியும் விழாமல் ஒரு துண்டுப் பாணையோ இறைச்சியையோ மேலே மூடிக் கொடுத்தார்கள் என்றும், அந்த மூடியே பின்னர் உணவாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. இன்று அது சிறு தட்டுகளில் வரும் பலவகைச் சிற்றுணவைக் குறிக்கும். ஒருவருக்கென்று ஒரு தட்டு இல்லை. எல்லாத் தட்டுகளும் மேசையின் நடுவே வரும். எல்லோரும் அவற்றிலிருந்து பகிர்ந்து உண்பார்கள். எவருக்கும் அவசரமில்லை. உடுப்பிலே பகட்டில்லை. சிலர் நின்றபடியே உண்டுகொண்டு உரத்த குரலில் உரையாடிக்கொண்டிருந்தனர்.

உள்ளே நுழைந்ததும் எம் இல்லாள் அண்ணாந்து பார்த்துத் திடுக்குற்று நின்றுவிட்டாள். உத்திரத்திலிருந்து பன்றித் தொடைகள் இருபது முப்பது, குளம்போடு தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் வடியும் நெய்யை ஏந்த ஒரு சிறு கிண்ணம் செருகப்பட்டிருந்தது. உப்பிட்டு மாதக்கணக்காக உலர்த்தப்படும் இவ்விறைச்சியை 'ஹமோன்' என்பார்கள். அந்நாட்டாருக்கு அதன்மீதுள்ள பெருமை எமக்கு எமது கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தின்மீதுள்ள பெருமையை ஒத்தது. நாம் தொடைகளுக்கு நேர்கீழே அமையாத ஒரு மேசையாகப் பார்த்து அமர்ந்தோம்.

மகன் அரைகுறை ஸ்பானிய மொழியில், இறைச்சியும் மீனும் வேண்டாமென்று பரிசாரகனிடம் தெளிவாகத்தான் சொன்னான். அவனும் தலையசைத்துச் சென்று, முதலில் ஒரு தட்டைக் கொணர்ந்து வைத்தான். தக்காளியும் பாணும் உள்ளியும் ஒலிவ எண்ணெயும் சேர்த்துக் குழைத்துக் குளிர வைத்த ஒருவகைத் தடித்த ரசம் அது. நிறமே பசியைத் தூண்டிற்று. இல்லாள் கரண்டியை இட்டதுதான் தாமதம், "அம்மா, பொறுங்கோ!" என்று மகன் அவள் கையைப் பற்றினான். மேலே தூவியிருந்த செந்நிறத் துணுக்குகள் தக்காளியல்ல, ஹமோன்! ஒரே பார்வையில் இவன் அதனை எவ்வாறு அறிந்துகொண்டான் என்று கேட்க எமக்கு அப்போது தோன்றவில்லை.

பரிசாரகனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "இது இறைச்சியன்று, ஐயா, ஹமோன்" என்றான். அவன் பரிகாசஞ் செய்யவில்லை. இறைச்சி என்றால் அவன் அகராதியில் அடுப்பில் வெந்து துண்டமாக வருவது; இதுவோ உப்பைப் போலே ஒரு சுவைப்பொருள். எமக்குச் சினம் வரவில்லை. முட்டையைச் சைவம் என்று சாதிப்பவர்கள் எம்மூரிலும் இருக்கிறார்கள் அல்லவா?

இதற்குள் குசினியிலிருந்து ஒரு மூதாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைக்காரரின் தாயார் போலும். விஷயத்தைக் கேட்டறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தவக்காலம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. "ஓ, தவக்கால விரதமா? ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை ஆயிற்றே! வெள்ளியன்றுதானே இறைச்சியை விலக்க வேண்டும்?" என்று கேட்டார். மகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது எமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எமக்குச் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமன்று, எல்லா நாளுமே அப்படித்தான் என்று சொல்லச் சொன்னோம். மீனும் இல்லையா என்று கேட்டார். இல்லை. முட்டை? அதுவும் இல்லை. மூதாட்டி எம்மை இரக்கத்தோடு பார்த்து, "குந்துங்கள்" என்பதுபோலக் கையமர்த்திவிட்டு உள்ளே போனார்.

அதன் பின்னர் வந்த தட்டுகளை வாசகர்களின் பயன் கருதி எடுத்துரைக்கிறோம். கீரையும் கடலையும் சேர்த்து, பொரித்த பாணை உள்ளியோடும் நற்சீரகத்தோடும் அரைத்துக் கூட்டிய கறியொன்று, செவில்லாவுக்கே உரியது. அதன் மணத்தை முகர்ந்த இல்லாள், "இது எங்கட வீட்டுக் குசினியில் வருகிற வாசம்" என்றாள். அடுத்து, மெல்லிதாக அரிந்து பொரித்த கத்தரிக்காயின்மேல் கரும்புப்பாணி ஊற்றியது. கத்தரிக்காயும் கரும்பும் கீழ்நாட்டிலிருந்து அராபியர் கொண்டுசென்ற செல்வங்களே. பின்னர், எண்ணெயில் வாட்டி உப்புத் தூவிய சிறு பச்சை மிளகாய்கள். வடமேற்கிலுள்ள பத்ரோன் என்னும் ஊரின் பெயரால் வழங்குவன. அவற்றுட் பெரும்பாலானவை உறைப்பதில்லை. எங்கோ ஒன்று மட்டும் உறைக்கும். எது உறைக்கும் என்பதைத் தின்று பார்த்தே அறிய வேண்டும். அவர்களுக்கு இது ஒரு விளையாட்டு. உறைத்தது எம் இல்லாளுக்கு வாய்த்தது. அவள் அதனைப் பொருட்படுத்தவே இல்லை. தக்காளி தேய்த்த பாணும், ஊறிய ஒலிவக் காய்களும் உடன் வந்தன.

இவ்வாறு மகிழ்ந்து உண்டுகொண்டிருந்த வேளையில், அந்தப் பரிசாரகன் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு சிறு தட்டை ஏந்தி வந்து, மகனின் முன்னால் வைத்து, அவன் தோளிலே செல்லமாகத் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனான். தட்டிலே ஏடு ஏடாகச் சீவிய ஹமோன்.

மகனின் முகம் இருண்டது. அவன் மொழிபெயர்க்கவில்லை. ஆயினும் சில வார்த்தைகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. முந்திய இரவு நாம் களைத்துப் படுத்த பின்னர், ஆற்றங்கரையில் சற்று உலாவி வருவதாகச் சொல்லிச் சென்றவன் எங்கே உலாவினான் என்பது விளங்கிவிட்டது. கடைக்காரர் பழகிய முகத்துக்கு அன்போடு அளித்த தட்டு அது.

"எவ்வளவு காலமாக?" என்று கேட்டோம்.

"நாலு வருஷம், அப்பா" என்றான், தலை நிமிராமலே.

நாலு வருஷம்; இருநூறுக்கு மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனை நாட்களிலும் சோறும் பருப்பும்!

எமக்கு அப்போது எழுந்தது கோபமா துயரமா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. எம் தகப்பனார் மச்சம் தொட்டறியார். அவர் தகப்பனாரும் அவ்வாறே. அந்த வரிசை எம் கண்முன்னே இந்த மேசையிலே அறுந்து கிடந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட எண்ணினோம்.

அப்போது காலையிற் கண்ட கோட்டை நினைவுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து எம் பாட்டியார் சொல்லும் ஒரு செய்தியும் நினைவுக்கு வந்தது. 1619ஆம் ஆண்டு முதல் 1658ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் நேராக ஆண்ட காலத்தில், விரதம் இருந்தவர்கள் உண்ட வாழையிலையை வெளியே எறிய அஞ்சி, கூரை இறப்பிலே செருகி மறைத்து வைத்தார்களாம். எவராவது கண்டால் விரதம் பிடித்தது தெரிந்துவிடும். பிறருக்கு அஞ்சி உண்பதை ஒளித்த அந்தக் கதையைப் பாட்டியார் கண்ணீரோடுதான் சொல்வார்.

இன்று எம் மகனும் அதையே அல்லவா செய்திருக்கிறான்? உண்டது வேறு; ஒளித்தது ஒன்றுதான். அன்று ஆட்சியாளருக்கு அஞ்சினார்கள். இவன் அஞ்சியது எமக்கு. எமது வீட்டையே இறப்பில் இலை செருக வேண்டிய வீடாக நாமே ஆக்கிவிட்டோமோ என்று நினைத்தபோது எமக்கு வெட்கமாக இருந்தது.

நாம் வாய் திறக்குமுன் இல்லாள் பேசினாள். அவள் குரல் சிறிது நடுங்கிற்று. "தம்பி, நீ தின்றது எனக்குத் துக்கந்தான். அதை இல்லையென்று சொல்ல மாட்டன். ஆனால் நாலு வருஷமாக என்னோடு நீ பொய் பேசினாயே, அதுதான் கூடத் துக்கம். ஒளித்துத் தின்கிற சாப்பாடு உடம்பிலே ஒட்டாது" என்றாள்.

"நீங்கள் அழுவீங்கள் என்றுதான் சொல்லவில்லை, அம்மா."

"அழுதால் என்ன? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடுவன்தானே?"

நாம் அந்தத் தட்டை விரல்நுனியால் மகன் பக்கமாகச் சற்று நகர்த்தி வைத்து, "அந்த மனிதன் அன்பாகக் கொடுத்திருக்கிறான்; வீணாக்காதே" என்றோம். சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவன் அன்று அதை உண்ணவில்லை. பரிசாரகனிடம் ஏதோ சொல்லி, காகிதத்திலே சுற்றி வாங்கிக்கொண்டான். மறைக்காமல், எம் கண்முன்னாலேயே வாங்கினான். பின்னர் எம்மோடு சேர்ந்து கீரைக் கறியைப் பாணால் வழித்து உண்டான். மூதாட்டி வந்து வெறுந் தட்டுகளைக் கண்டு மிகவும் மகிழ்ந்தார். பணம் கொடுத்துவிட்டு எழுந்தபோது, இல்லாளின் கையைப் பிடித்து ஏதோ வாழ்த்துச் சொன்னார்.

பிறதேசம் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னாற் போதாது. எவையெவை வேண்டாமென்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பதிலே வெட்கம் வேண்டியதில்லை. முகம் மலர்ந்து கேட்டால் குசினியிலிருந்து ஒரு தாய் வெளியே வருவார். அங்கே உங்கள் உணவு வழக்கம் மாறிவிட்டால், அதையும் அதேபோல முகம் பார்த்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

எமது குசினியில் இன்றும் மச்சம் நுழைவதில்லை, இனியும் நுழையாது. அது மகனுக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு வந்தபோது வாழையிலையில் எம்மோடு இருந்து மகிழ்ச்சியாக உண்டு சென்றான். ஞாயிறுதோறும் தாயார் அவனை அழைத்து, "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று கேட்பது நிற்கவில்லை. சில வாரங்களில் அவன் சொல்லும் பதிலைக் கேட்டு அவள் சிறிது நேரம் பேசாதிருப்பாள். பிறகு, "சரி, மோரும் கொஞ்சம் குடி" என்பாள்.