திரும்பி வருவேன் என்று ஒரு கடிதம்

எங்கள் குடும்பத்தில் வெளிநாடு போன எவரும் திரும்பிப் போய் ஊரில் இருந்ததில்லை. பெரியண்ணை 1984இல் லண்டனுக்குப் போனவர். இப்போது அங்கே பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறார். சின்னண்ணை பாரிஸ். நான் கனடா. நல்லூர்த் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் போவோம். மூன்றாம் கிழமை நுளம்பையும் வெக்கையையும் திட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவோம். இப்படியொரு வீட்டுப் பெடியன், படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவேன் என்று கனடிய குடிவரவு அதிகாரிக்கு எழுதவேண்டியிருந்தது. அதற்கு உதவவேண்டியவன் நான், அவனுடைய மாமன்.

மருமகனுக்குப் பத்தொன்பது வயது. சுன்னாகம். ஏ.எல். கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு, ஆனால் பொறியியலுக்கு இசட் புள்ளி காணவில்லை. இலங்கையில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதிக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே முட்டி மோதவேண்டும். 1970களின் தரப்படுத்தல் எங்கள் அண்ணைமாரின் தலைமுறையைத் துரத்தியது. இவனைத் துரத்தியது வெறும் போட்டி. இடம் கிடைத்திருந்தால் கல்விக் கட்டணமே இல்லாமல் படித்திருப்பான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தங்கச்சிக்கு ஒரு கணக்கு இருந்தது. "அண்ணா, உங்கடை வீட்டுக்குப் பக்கத்திலைதானே கம்பஸ் இருக்கு. சாப்பாடும் படுக்கையும் மிச்சம்." அவள் சொன்னது ஹம்பர் கல்லூரியை. உண்மைதான். ரொறன்ரோவின் ஃபிஞ்ச் வெஸ்ட் ரயில் 2025 டிசெம்பரில் ஓடத்தொடங்கியபோது அதன் கடைசி நிறுத்தமே அதுதான். எங்கள் ரெக்ஸ்டேலில் பாதி நிலவறைகள் ஹம்பருக்கு வந்த பஞ்சாபிப் பிள்ளைகளின் வாடகையில் நின்றவை. அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை நான் அறிவேன். ஜலந்தரில் ஒரு முகவர் ஆளுக்குப் பதினாறு லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கி, ஹம்பர் முதலிய கல்லூரிகளின் பெயரில் போலி அனுமதிக் கடிதங்கள் கொடுத்திருந்தார். வந்து இறங்கியதும் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி வேறு கல்லூரிக்கு மாற்றிவிட்டார். பிள்ளைகள் படித்து முடித்து, வேலை செய்து, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்த நேரத்தில்தான் கடிதம் பொய் என்று பிடிபட்டது. 2023 கோடையில் மிசிசாகாவில் தெருவோரம் எதிர்ப்புக் கொட்டகை போட்டு இருந்தார்கள். அந்த ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதியிலிருந்து ஒவ்வோர் அனுமதிக் கடிதத்தையும் கல்லூரியே அரசாங்கத்துக்கு உறுதிப்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. முகவருக்கு 2024இல் வன்கூவர் நீதிமன்றம் மூன்று வருடச் சிறை கொடுத்தது. ஆகவே யாழ்ப்பாணம் ரவுணில் பதாகை தொங்கவிட்டிருக்கும் எவரிடமும் போகக்கூடாது என்று தங்கச்சிக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். போனாள். அது பிறகு.

காசுக் கதை வேறு. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒருவருக்கு 10,000 டொலர் காட்டினால் போதும் என்றிருந்தது 2024 ஜனவரியில் 20,635 ஆனது. 2025 செப்டெம்பரில் 22,895. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலை அறிவியல் படிக்க வருடத்துக்கு உள்ளூர்ப் பிள்ளைக்கு 6,000 சொச்சம், வெளிநாட்டுப் பிள்ளைக்கு 60,000க்கு மேல். மாணவர் அனுமதிக்கு 2024 முதல் உச்சவரம்பு. ஆகவே மாகாணத்திடமிருந்தும் ஓர் அத்தாட்சிக் கடிதம் வேண்டும்.

காசு இருந்தால் மட்டும் போதாது, அது வந்த வழி தெரியவேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பெரிய காசு வரும் வழி சீட்டு. அல்பியன் வீதிப் பக்கம் இருபது பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டுக்கு ஒரு கொப்பியும் கூட்டுகிறவரின் நாணயமும்தான் சாட்சி. வீடு வாங்க, பிள்ளையின் சாமத்தியச் சடங்கு செய்ய, ஊருக்கு அனுப்ப எல்லாம் அதுதான். கழிவு போகக் கையில் வந்த தொகை ஒரே நாளில் வங்கிக் கணக்கில் விழுந்தால், அதிகாரி அதை யாரோ காட்டுவதற்குக் கொடுத்த காசு என்றே எடுப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனவே என் சம்பளத் துண்டுகள், வருமானவரித் திணைக்களத்தின் மதிப்பீட்டுக் கடிதங்கள், மாதாமாதம் மெதுவாக ஏறிய சேமிப்பு இவற்றை அடுக்கினோம். அங்கே தங்கச்சி தன் சீதன வளவின் உறுதியை எடுத்துக்கொண்டு மதிப்பீட்டாளரிடம் போனாள். முந்தி இப்படியில்லை; 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரிடம் ஒருவரும் வங்கி அறிக்கை கேட்கவில்லை. நான் வந்திறங்கியபோது கையில் இருந்த கடவுச்சீட்டில் படம் மட்டுமே என்னுடையது.

கடிதத்துக்கு வருகிறேன். ரவுண் முகவர் கொடுத்த மாதிரிக் கடிதம் ஒன்றைத் தங்கச்சி வாட்சப்பில் அனுப்பியிருந்தாள். 'எனது தந்தையாரின் வியாபாரத்தைப் பொறுப்பேற்பதற்காக நான் தாயகம் திரும்புவேன்' என்று இருந்தது. அவன் தந்தையார் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இதே வசனத்தை எத்தனை பிள்ளைகள் அனுப்பியிருப்பார்கள்! வாசிக்கிற அதிகாரியும் மனிதர்தானே, அவருக்கும் அலுக்காதா?

அவனையே எழுதச் சொன்னேன். எனக்கு இரவு ஒன்பது மணி, அவனுக்குக் காலை ஏழரை. வாசித்துக் காட்டினான். ஹம்பரே அதில் இல்லை. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பொறியியல் என்று இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம். தங்கச்சியின் சாப்பாட்டுக் கணக்கு அங்கேயே முடிந்தது.

காரணம் அவனுடைய கிணறு. சுன்னாகத்தில் ஒரு தனியார் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, 2014, 2015 அளவில் சுற்றுவட்டக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அப்போது அவனுக்கு எட்டு வயது; தெருமுனைத் தாங்கியில் பவுசர் நிரப்பிவிட்டுப் போகும் தண்ணீருக்கு வாளியுடன் நின்றவன். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே இருக்கும் தண்ணீர்தான் முழுச் சொத்து. குவெல்ஃப் நகரமும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் ஊர் என்று தேடிப் பிடித்திருந்தான். ஒன்ராறியோவின் வாக்கர்ட்டனில் 2000ஆம் ஆண்டு நகரக் கிணற்றில் கிருமி கலந்து ஏழு பேர் இறந்ததையும், அதன் பிறகு இந்த மாகாணம் குடிநீர்ச் சட்டங்களை மாற்றியதையும் எழுதியிருந்தான். முப்பது வருடமாக இங்கே குழாயைத் திறந்து குடிக்கிற எனக்கு வாக்கர்ட்டன் பெயரளவில்தான் தெரியும்.

"மாமா, திரும்பி வருவன் எண்டு எழுதினால் கட்டாயம் வரவேணுமோ?" என்று கேட்டான். கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 22ஆம் பிரிவு இருக்கிறது: நிரந்தரமாக இருக்கும் விருப்பம் ஒருவருக்கு இருந்தாலும், அனுமதித்த காலம் முடிந்தால் வெளியேறுவார் என்று அதிகாரி திருப்திப்பட்டால், அந்த விருப்பம் தற்காலிகமாக வருவதற்குத் தடையல்ல. மனசில் இரண்டும் இருக்கலாம் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்கு ஒன்றுதான் இருக்கிறது என்றான். நான் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன்.

அனுப்புவதற்கு முதல் தங்கச்சி கடிதத்தைத் தன் மகளிடம் கொடுத்துத் தமிழில் சொல்லவைத்திருக்கிறாள். அன்று நான் வேலையில் நிற்கும்போதே அழைப்பு வந்தது.

"அண்ணா, இவன் உண்மையாவே திரும்பி வாறதுக்கெல்லோ எழுதியிருக்கிறான்?"

"ஓம். அதைத்தானே கேக்கினம்."

"கேக்கிறவைக்கு எழுதட்டும். அவன் வாறதுக்கோ நான் வளவை ஈடு வைக்கிறன்? நீங்கள் மாமன், சொல்லுங்கோ அவனுக்கு."

நான் என்னத்தைச் சொல்ல? ஊருக்குப் போகாதே என்று சொல்ல அந்த வீட்டில் என்னைவிடத் தகுதியானவன் வேறு ஆரும் இல்லை. பெடியன் கேட்கமாட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டு, வளவு மதிப்பீட்டு அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் கையொப்பம் விடுபட்டிருக்கிறது, அதை இன்றைக்கே போய் வாங்கு என்றேன்.