கறந்து பார்த்து வாங்குவது மாட்டுக்கு மட்டுமல்ல

ஊரப்பாக்கம் ஏரிப் பக்கம் இரண்டு கறவை மாடு, முக்கால் ஏக்கர் கீரை என்று பிழைக்கும் விவசாயி ஒருவர் இருக்கிறார். மாடு வாங்கக் கிளம்புகிறவர்கள் அவரைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் வந்த பிறகும் அவர் நிலத்தை மனை போட்டு விற்கவில்லை.

அவர் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பயிற்சி மையத்து ஏர் ரைபிளில் இரண்டு வருடமாகச் சுடுகிறாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனாரே, அதே 10 மீட்டர் போட்டிதான். இப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு ரைபிள் வேண்டும். புதிய வெளிநாட்டு ரைபிள் லட்சத்தைத் தாண்டும். பழையது ஒன்று 1,20,000 ரூபாய்க்கு வந்தது. ஒரு மாட்டை விற்று, கையிருப்பையும் சேர்த்தால் வாங்கலாம்.

ரைபிளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சந்தை தெரியும். குளிப்பாட்டிக் கொம்பு சீவிய மாட்டுக்கும் பல்லைப் பார்த்துத்தானே வயது சொல்கிறோம்? “ரைபிளுக்குப் பல் எது சார்?” என்று பயிற்சியாளரைக் கேட்டார்.

“காற்று உருளைங்க” என்றார் பயிற்சியாளர். அழுத்தக் காற்றைத் தாங்கும் அந்த உருளைக்கு ஆயுள் உண்டு. பல கம்பெனிகள் 10 ஆண்டு என்று வைத்திருக்கின்றன. தேதி உருளையிலேயே பொறித்திருக்கும். காலாவதியானதைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. பளபளவென்று இருந்த அந்த ரைபிளின் உருளைக்கு ஏழு மாதமே பாக்கி.

அடுத்தது கறவை. ரைபிளை அசையாமல் பொருத்தி, ஒரே டப்பா பெல்லட்டில் 10 முறை சுட்டார்கள். பெல்லட் 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். குழல் நன்றாக இருந்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே துளையில் விழும். விழுந்தன. பிறகு காற்றை நிரப்பி ஓர் இரவு வைத்தார்கள். காலையில் அழுத்தமானியின் முள் இறங்கியிருந்தது. ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் தண்ணீர் நிற்காதே, அதுபோல உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. வளையத்தை மாற்றிக்கொள்ளலாம். குழல் கெட்டிருந்தால் வாங்கவே கூடாது.

மூன்றாவது காகிதம். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு, 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிளுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாமல் அதை வாங்கினால் 1959 ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். ஆகவே ரைபிளில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டார்.

பிறகுதான் விலை பேசினார். “குழலுக்குக் காசு தர்றேங்க. புது உருளைக்கும் வளையத்துக்கும் ஆகிறதைக் கழிச்சுக்குங்க.” விற்றவரும் நியாயமானவர். பேச்சு 94,000 ரூபாயில் முடிந்தது.

மாட்டை விற்கத்தான் வேண்டியிருந்தது. வீட்டில் பால் பணம் பாதியாகிவிட்டது. மிச்சமான 26,000 ரூபாயில் உருளையும் வளையமும் மாற்றியதுபோக, இரண்டு போட்டிகளுக்குப் போய்வரப் பணம் இருந்தது.

பவர் டில்லரோ மோட்டாரோ, பழையது எதை வாங்கினாலும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.