94 வருகிறது, படம் நிற்கிறது

ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் 94 காட்டுகிறது. நாங்கள் பணம் கட்டுவது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு. குறை சொல்ல இடமில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு டிவியில் வட்டம் சுற்றுகிறது. நெட் கனெக்‌ஷன் கொடுத்த இடத்திலிருந்து வந்த தம்பி தன் செல்போனில் அதே 94-ஐக் காட்டி, "லைன் பக்காவா இருக்கு சார், டிவியத்தான் பாக்கணும்" என்றார். டிவி சர்வீஸிலிருந்து வந்தவர் ஒரு பாட்டை ஓடவிட்டு, "செட் நல்லா இருக்கு, நெட்டைத்தான் கேக்கணும்" என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வந்தது பகல் பதினோரு மணிக்கு.

பழைய டிவியின் கோளாறுகளுக்குத் தனித்தனி அடையாளம் இருந்தது. ஆன்டெனா காற்றில் திரும்பிவிட்டால் புள்ளி புள்ளியாக இறையும். தெருவில் ஸ்கூட்டர் கிளம்பினால் குறுக்கே கோடு ஓடும். பக்கத்தில் உயரமான கட்டடம் எழும்பினால் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இன்னொரு நிழல் ஆள் உட்கார்ந்து வாசிப்பார். திரையைப் பார்த்தே மொட்டைமாடிக்கு ஏறுவதா, சும்மா இருப்பதா என்று முடிவு செய்யலாம். இப்போது ஃபைபர் அறுந்தாலும், சுவர் மறித்தாலும், டிவிக்குள் இடம் நிரம்பிவிட்டாலும், எங்கோ இருக்கும் சர்வர் திணறினாலும் வருவது அதே வட்டம்தான். யாரைக் கூப்பிடுவது என்று அது சொல்லாது. கூப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் கை காட்ட அதுவே வசதி.

வேகத்தைப் பற்றிய பேச்சை முதலில் ஓரங்கட்ட வேண்டும். ஃபுல் ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. 94 அதைப்போல் ஆறு மடங்கு. டிவிக்கு வேண்டியது இடைவிடாத வரத்து. படம் சில விநாடித் துண்டுகளாக வருகிறது. டிவி நாலைந்து துண்டுகளை முன்கூட்டியே வாங்கி, மொட்டைமாடித் தொட்டி மாதிரி சேர்த்து வைத்துக்கொண்டு காட்டுகிறது. வரத்து இளைத்தால் உடனே நின்றுவிடாது. அடுத்த துண்டைக் கொஞ்சம் மட்டமான தரத்தில் கேட்டு வாங்கும். அதற்கும் வழியில்லாதபோதுதான் வட்டம். எங்கள் அம்மா சீரியல் பார்க்கும்போது அடிக்கடி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். வட்டம் வருவதற்கு முன்னால் படம் மங்குவதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அவர்தான், கண்ணில் புரை என்று நினைத்து.

சினிமா நிற்காமல் ஓடும், மேட்ச் மட்டும் நிற்கும். கிரிக்கெட் என்றால் கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே மடக்குகிறார்கள் என்று எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு கட்சி உண்டு. காரணம் அவ்வளவு சுவாரசியமானதில்லை. சினிமா முழுதும் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, டிவி வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளும். நேரலையில் இன்னும் வீசாத பந்தை எப்படிச் சேர்ப்பது? கையிருப்பு சில விநாடிதான். அதற்கே அடுத்த வீட்டு டிடிஎச்சில் விக்கெட் விழுந்து அவர்கள் கத்தி ஓய்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பவுலர் ஓடத் தொடங்குவார். சர்வர்மேல் பழி போடுவதும் எளிது. ஆனால் 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். அதைத் தாங்கியவர்களுக்கு ஒரு சாதாரண லீக் ஆட்டம் பெரிய சுமையா? சந்தேகம் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குவதுதான் நியாயம்.

என் கருத்தில், இதற்கு ஒரே உருப்படியான முறை பாதையை ரவுட்டரில் இரண்டாக வெட்டிப் பார்ப்பது. அதையும் கோளாறு வரும் நேரத்தில் பார்க்க வேண்டும், பகல் பதினோரு மணிக்கு அல்ல. ராத்திரி ஒன்பதுக்கு லேப்டாப்பை லேன் வயரால் ரவுட்டரில் செருகி, அதே மேட்சை அதிலும் ஓடவிட்டேன். ஹாலில் டிவி நின்றது. வாசலருகே லேப்டாப்பில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆக, தெருவிலிருந்து வீடுவரை வருவது சரி. பிறகு லேப்டாப்பை டிவி பக்கத்தில் வைத்து, வயரில்லாமல் ரவுட்டருக்கே பிங் அனுப்பினேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று மில்லிவிநாடியில் வரவேண்டிய பதில் முந்நூறு, நானூறு என்று எகிறியது. சிலது வரவே இல்லை. குற்றவாளி வைஃபை.

வைஃபையைச் சொல்லியும் குற்றமில்லை. கேபிள் இழுத்தவர் தனக்கு எளிதான இடத்தில், வாசல் வென்டிலேட்டர் ஓரம் ஓட்டை போட்டார். ரவுட்டர் அங்கேயே குடியேறிவிட்டது. அங்கிருந்து டிவிக்கு வரும் வழியில் இரண்டு சுவர், நடுவில் இரும்பு பீரோ. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஆகவே டிவி 2.4-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த 2.4-இல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அபார்ட்மென்ட்டில் எல்லோரும் வேலை முடிந்து வந்து டிவி போடும் நேரத்தில் அத்தனை வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றில்தான் முட்டி மோதுகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அவனும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில் இரைகிறது. பீரோவை நகர்த்தலாமா என்று கேட்டேன். "கன்னி மூலையில இருக்குறத நகத்துவியாக்கும்?" என்றார் அம்மா. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரோரமாகப் பிளாஸ்டிக் பட்டைக்குள் ஒரு லேன் வயரை ஓட்டி டிவியில் செருகினோம். வயர் கண்ணை உறுத்துகிறது என்று மனைவிக்கு இன்னும் வருத்தம். டிவியில் இருக்கும் லேன் போர்ட்டோ 100-க்கு மேல் போகாத ரகம். இந்தக் காலத்தில் இப்படியா என்று எலக்ட்ரீஷியனே சிரித்தார். இருக்கட்டும், 15-ஐ விடாமல் கொடுக்க அது தாராளம். டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்று, பறக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அது முகவரி விசாரிக்கும் வேலை. விசாரித்த பிறகு சரக்கு வரும் வழி அகலமாகிவிடாது. ரிமோட்டில் அணைத்தால் டிவி அணைந்ததாக ஆகாது, பிளக்கைப் பிடுங்கிப் போடு என்ற யோசனை மட்டும் அவ்வப்போது நிஜமாகவே பலன் தந்தது.

அதன் பிறகு வட்டம் வருவது குறைந்துவிட்டது. ஆனால் சில நாள் நெட்டே போய்விடும். ரவுட்டரில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். மரம் வெட்டும்போது அறுந்திருக்கலாம், லாரி இழுத்துப் போயிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். ஆணியில் மடங்கி நசுங்கினால் வெளிச்சம் மெல்லக் குறையும். அதன் அளவை ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் டிபிஎம் கணக்கில் பார்க்கலாம். மைனஸ் 20 வாக்கில் இருந்தால் நிம்மதி. 3 இறங்கினால் வெளிச்சம் பாதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்றோ நாளையோ. எங்கள் வீட்டில் எப்போதும் மைனஸ் 19. நன்றாக இருந்துவிட்டு ஒரேயடியாகப் போகிறது, அரைமணியில் தானாகவே திரும்பியும் வருகிறது. அறுந்த கேபிள் தானாக ஒட்டிக்கொள்ளுமா?

அதே தம்பியைப் பிடித்துக் கேட்டபோது விஷயம் வந்தது. எங்கள் பகுதிக்கெல்லாம் வெளிச்சம் அனுப்பும் பெட்டி பின்தெருவில் ஒரு தையல் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்குக் கரண்ட் அந்தக் கடையிலிருந்து. பதிலுக்குக் கடைக்கு இலவச நெட். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி செத்து நாளாகிறது. பின்தெருவுக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர், ஆகவே எங்கள் வீட்டில் விளக்கெரியும்போதே அங்கே கரண்ட் போகும். "புது பேட்டரி எழுதிக் கொடுத்திருக்கேன் சார், வரும்" என்றார். அதுவரைக்கும், சிவப்பு விளக்கு எரிந்தால் நான் கஸ்டமர் கேரைக் கூப்பிடுவதில்லை. தையல் கடைக்குத்தான் போன் போடுகிறேன்: "அண்ணே, உங்க பக்கம் கரண்ட் இருக்கா?"