அரைச் சொம்புத் தண்ணீர்

கும்பகோணத்து வீட்டில் ரசத்துக்கென்றே ஓர் ஈயச் சொம்பு இருந்தது. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரியும். பெயர்தான் ஈயம், உண்மையில் அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை தீ அதை ஒன்றும் செய்யாது.

ஒரு நாள் அத்தை கூடத்திலிருந்து, "சொம்புல புளித்தண்ணி விட்டுட்டியாடா?" என்று கேட்டாள். நான் காமிக்ஸிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்ஹூம்" என்றேன். அவள் காதில் விழுந்தது "ம்". வந்தாள், சொம்பைத் தூக்கி அடுப்பில் வைத்தாள், கொல்லைப்பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பர்னரைச் சுற்றி வெள்ளிப் பொட்டுகளாக உருண்டு கிடந்தது எங்கள் ரசச் சொம்பு.

அந்த "ம்ஹூம்" எனக்கு மறுபடி கேட்டது இருபது வருஷம் கழித்து, சென்னையில் ஓர் அலுவலகத்தில், இரவு ஒன்றரை மணிக்கு.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு புரோகிராம் தன்னைப்போல இன்னொன்றைப் பிறப்பிக்க, ஃபோர்க் என்று அதன் மையமான கர்னலிடம் கேட்கும். வரும் பதில் ஒரே ஓர் எண். பெற்றவனுக்குப் பிள்ளையின் எண், பிள்ளைக்கு 0, பிறக்கவே இல்லையென்றால் -1. "ம்" சொல்வதும் "ம்ஹூம்" சொல்வதும் ஒரே வாய்தான்.

நான் சி மொழியில் எழுதி வைத்திருந்தது ஒரு காவல்காரன்: வேலையைத் தொடங்கிவிடு, பத்து நிமிஷத்தில் முடியாவிட்டால் கொன்றுவிடு. அன்றைக்கு அந்த யூசரின் பெயரில் ஓடிய புராசஸ்கள் வரம்பைத் தொட்டிருந்தன. ஃபோர்க் -1 என்றது. நான் பார்க்கவில்லை. அதையே பிள்ளையின் எண்ணாக எடுத்து வைத்து, பத்து நிமிஷம் கழித்து, கொல்வதற்கான கில் என்ற அழைப்பிடம் கொடுத்தேன். கில்லின் அகராதியில் -1 என்றால் "கைக்கு எட்டிய அத்தனை பேரும்". டேட்டாபேஸ், ரிப்போர்ட் வேலைகள், நான் லாகின் செய்திருந்த ஷெல், எல்லாம் ஒரே நொடியில் போயின. அங்கே ஓடிய, யூனிக்ஸ் வழி வந்த லினக்ஸில் இன்னொரு விசேஷம் உண்டு: -1க்கு அனுப்பும் சிக்னல் அனுப்பினவனை மட்டும் தொடாது. குற்றவாளி ஒருவன்தான் உயிரோடு நின்றான். லாகில் சமர்த்தாக எழுதியும் வைத்திருந்தான்: வேலை நிறுத்தப்பட்டது.

காலையில் மேனேஜர், "ரிட்டர்ன் வேல்யூவைப் பாக்க மாட்டீங்களா?" என்றார். பாட்டி அன்று அத்தையிடம் கேட்டதும் அதேதான்: "எட்டிப் பாத்தா என்ன?"

1969ல் பெல் லேப்ஸில் யூனிக்ஸைத் தொடங்கிய கென் தாம்ப்சனிடம், மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று யாரோ கேட்டார்களாம். கிரியேட் என்ற அழைப்பின் ஸ்பெல்லிங்கில் விட்டுப்போன 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம். அன்றிரவு என்னைக் கேட்டிருந்தால் நான் வேறொன்றைச் சொல்லியிருப்பேன்.

ரஸ்ட் என்ற நிரல்மொழியின் 1.0 வந்தது 2015 மே மாதம். நான் அதைத் தொடுவதற்குள் இன்னும் சில வருஷங்கள் ஓடிவிட்டன. அதில் லிப்சி என்ற நூலகம் இருக்கிறது: சி-யில் பார்த்த அதே கதவுகள், அதே -1. ஒவ்வொன்றையும் அன்சேஃப் என்று எழுதித்தான் திறக்க வேண்டும். அதன்மேல் போட்ட உறை, கார்ல் லெர்ச் தொடங்கிய நிக்ஸ். அங்கே ஃபோர்க் வெறும் எண்ணைத் தருவதில்லை. ரிசல்ட் என்று மூடி போட்ட பாத்திரம் வருகிறது. திறந்தால் பெற்றவன், பிள்ளை என்று தனித்தனியாக இருக்கும். இல்லையென்றால் பிழை, ஈஅகெய்ன் என்பதுபோல் அதன் பெயரோடு. திறக்காமல் அப்படியே கில்லிடம் நீட்டினால் கம்பைலர் வாங்கவே வாங்காது.

ஃபைல் எண்களும் இப்படித்தான். கோயில் வாசல் செருப்பு டோக்கன் மாதிரி, மூடிய ஃபைலின் எண்ணைக் கர்னல் அடுத்து வருபவனுக்குக் கொடுத்துவிடும். பழைய டோக்கனை இரண்டாம் தடவை நீட்டினால் யாருடைய செருப்போ நம் கைக்கு வரும். 2022ல் ரஸ்ட் 1.63 ஓன்டுஎஃப்டி என்று ஒரு வகையைக் கொண்டுவந்தது. டோக்கனுக்கு ஒரே சொந்தக்காரன். கொடுத்தால் அவன் கையைவிட்டுப் போய்விடும். நிக்ஸும் பிறகு அதற்கு மாறிக்கொண்டது.

அதற்காக நிக்ஸ் எல்லாமே பத்திரம் என்று சொல்லிவிடவில்லை. ஃபோர்க் அங்கேயும் அன்சேஃப்தான். ஒரே புரோகிராமுக்குள் பல திரெட்கள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் பிள்ளைக்கு வருவது ஒரே திரெட். மற்ற திரெட்கள் போட்டிருந்த பூட்டுகள் பூட்டியபடியே வரும், சாவிக்காரர்கள் வரமாட்டார்கள். உறையால் தடுக்க முடியாததை உறையின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

அந்த டாக்குமெண்டேஷனைப் படித்த ராத்திரிதான் பாட்டி நினைவுக்கு வந்தாள். உருகிய பொட்டுகளைச் சுரண்டி ஒரு துணியில் முடிந்து கடைக்குக் கொடுத்தனுப்பி, மேலே பணம் போட்டுப் புதுச் சொம்பு வாங்கினாள். அத்தையையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சொம்பைப் பற்றி யாரும் கேட்கவோ "ம்" சொல்லவோ வேண்டியிருக்கவில்லை. தேய்த்த பாத்திரங்களெல்லாம் மேடையில் கவிழ்ந்திருக்க, ஈயச் சொம்பு மட்டும் நிமிர்ந்து நிற்கும், எப்போது எட்டிப் பார்த்தாலும் அரைச் சொம்புத் தண்ணீரோடு.